கஞ்சித் தொட்டிக் கலாசாலை

எண்ணூரில் ரயிலேறித் திருவொற்றியூரைக் கடந்து இராயபுரத்தில் இறங்கினோம். நம்மிடம் படித்த பையன் ஒருவனைக் காணவே இப்பிரயாணம். ஆலையொன்றில் அவனுடைய வலக்கை யந்திரத்தில் அகப்பட்டுவிட்டது.

"ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி எது, அம்மா?" என்று வினவினோம். "கஞ்சித் தொட்டிக்கா, ஐயா?" என்றாள் மீன்கூடைக் கிழவி. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-இல், பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து தோன்றியதல்லவா இது! பலகையில் இருப்பது ஆங்கிலக் கவர்னரின் பெயர். ஜனங்களின் வாயில் கஞ்சியே நிலைத்துவிட்டது. நமக்கு அதில் ஒரு திருப்தி.

1938-இல் இது வைத்தியக் கல்லூரியாக உயர்ந்தது, இன்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஆனால், நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது கை வைத்தியத்தைப் பற்றி. பாட்டிமார் செய்யும் கை வைத்தியமன்று. கைக்கே செய்யும் வைத்தியம். 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி இங்கே கைகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இப்பகுதியில் நசுங்கிய விரல்களுக்குப் பஞ்சமா? அவையே மாணாக்கருக்குப் பாடமாயின, ஆராய்ச்சிக்கும் பொருளாயின. அறுந்த நரம்பையும் இரத்தக் குழாயையும் உருப்பெருக்கியின் வழியே பார்த்துத் தைக்கிறார்கள். தைத்ததோடு விடுவதில்லை, விரலை மடக்கவும் நீட்டவும் மறுபடி பழக்குகிறார்கள். கூலிக்காரனுக்குக் கைதானே முதல்?

நம் பையன் பென்சிலை இரண்டு விரல்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு தன் பெயரை எழுதிக் காட்டினான். ரகரம் கோணிற்று. வகுப்பாயிருந்தால் திருத்தியிருப்போம்.