முப்பது விநாடி

பதில் எழுதியே பழகிய மாணவிகளுக்குக் கேள்வி தயாரிக்கும் வாய்ப்பு அபூர்வமாகவே கிடைக்கிறது. எனக்கும் என் தோழியர் மூவருக்கும் அந்த வாய்ப்பு 2022ஆம் ஆண்டு கிடைத்தது. ஜூன் முதலாம் திகதியோடு சாதாரண தரப் பரீட்சை முடிந்தது. பெறுபேறு வந்ததோ நவம்பரில். இடைப்பட்ட மாதங்களில் நாட்டில் எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரமும் ஒழுங்காக இல்லை. மருதமுனையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பல மாலைகளில் இருண்டுதான் கிடந்தது. பார்க்க முடியாத நிகழ்ச்சியை நாமே நடத்தினால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். அப்படித்தான் எங்கள் 'கோடீஸ்வரி' ஆரம்பமானது.

இந்தப் போட்டியின் மூலம் பிரித்தானியாவில் 1998 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய நிகழ்ச்சி. பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மூன்று உதவிகள். பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. 2000ஆம் ஆண்டு அமிதாப் பச்சன் இந்தியில் நடத்தினார். 2012இல் தமிழில் நடிகர் சூர்யா நடத்தினார். பெண்கள் மட்டும் பங்குபற்றிய 'கோடீஸ்வரி'யை நடிகை ராதிகா நடத்தினார். அதில் 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்ற மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா, செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். எங்கள் விளையாட்டுக்கு நாங்கள் பெயர் வைத்தது அவரை நினைத்துத்தான்.

பழைய கலண்டர் தாள்களை வெட்டி, பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினோம். பதினைந்து கேள்விகளுக்குச் சரியான விடை பதினைந்து போதும்; பிழையான விடைகளோ நாற்பத்தைந்து வேண்டும். அதுவும் சும்மா பிழையாக இருந்தால் போதாது, சரிபோலத் தெரியவும் வேண்டும். உதாரணத்துக்கு, சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்த ஆண்டு எது என்று நான் ஒரு கேள்வி எழுதினேன். விடை 1885. அதன் அருகில் 1838, 1882, 1898 ஆகியவற்றைப் போட்டேன். 1838 அவர் பிறந்த ஆண்டு; 1882 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை அவர் தொடங்கிய ஆண்டு; 1898 அவர் காலமான ஆண்டு. மூன்று பிழையான விடைகளைத் தேடப்போய் ஒரு மனிதருடைய வாழ்க்கையையே வாசித்து முடித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தபோது கூட இவ்வளவு மனதில் நின்றதில்லை.

"காசு வச்சா புள்ள விளையாடுறீங்க?" என்று மூத்தம்மா அதட்டினார். காசில்லை, புளியங்கொட்டை என்று சொன்னதும் ஒரு சட்டி நிறையத் தந்தார். முதல் கேள்விக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் இரட்டிப்பு என்பது எங்கள் சட்டம். எட்டாவது கேள்வியில் 128 கொட்டைகள் வேண்டியிருந்தன. சட்டி காலியாகத் தொடங்கியபோது கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினைந்தாவது கேள்விக்கு 16,384 கொட்டைகள்! அதன்பிறகு பரிசைத் தாளில் மட்டும் எழுதிக்கொண்டோம்.

எங்களில் மிகவும் அமைதியானவள் ஒரு மீனவரின் மகள். வகுப்பில் தானாகக் கை உயர்த்தி நான் கண்டதில்லை. கிழக்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் என்ன என்ற கேள்வி வந்தபோது மற்ற இருவரும் வாடையா, கச்சானா என்று தடுமாறினார்கள். அவளோ விடைகளை வாசித்து முடிக்குமுன்பே "கொண்டல்" என்றாள். "எங்கட வாப்பா காத்தைப் பாத்துத்தானே தோணி தள்ளுவார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்று அவள் பத்தாவது கேள்வி வரை வந்துவிட்டாள். அந்தக் கேள்விதான் 'அசன்பே சரித்திரம்'. யோசித்துவிட்டு, தொலைபேசி உதவி கேட்டாள். அக்கரைப்பற்றில் ஆசிரியையாக இருக்கும் என் மாமிக்கு அழைப்பெடுத்துக் கொடுத்தேன். முப்பது விநாடி என்று மற்றொருத்தி எண்ணத் தொடங்கினாள். மாமி பத்து விநாடிக்குள் "1885 மகள்" என்று சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை வீணாக்காமல், "மறுகா உயர்தரத்துக்கு என்ன பிரிவு எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"நான் இதோட நிப்பாட்டுறன் மாமி."

விளையாட்டை நிறுத்தப் போகிறாளாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மாமிக்குத்தான் விளங்கியது. எண்ணிக்கொண்டிருந்தவளும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாப்பாவின் தோணி வாரக்கணக்காகக் கரையில் கிடக்கிறது. தம்பிமார் இருவர் படிக்கிறார்கள். அதனால் தையல் இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு எடுத்து வீட்டில் தைக்கப் போகிறாள். தினமும் அவளோடு இருந்த எங்களுக்கு அதுவரை அவள் இதைச் சொல்லவில்லை. நாங்கள் யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவுமில்லை.

மாமி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தார். அவளுடைய உம்மா வாப்பாவோடு திண்ணையில் இருந்து பேசினார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, வழிகளைத்தான் சொன்னார். கலைப்பிரிவுக் குறிப்புகளும் புத்தகங்களும் தன்னிடம் இருக்கின்றன. பக்கத்து வீடுகளில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் மாலையில் சொல்லிக்கொடுத்தால் கைச்செலவுக்குக் காணும். வாப்பா வெகுநேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப புள்ள படிக்கட்டும்" என்றார்.

பிறகு அவள் உயர்தர வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தாள். தையலையும் விடவில்லை, சனிக்கிழமைகளில் தைத்தாள். கஷ்டம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தமிழ்ப் பாடத்தில் அவளிடம்தான் நாங்கள் சந்தேகம் கேட்டோம்.

அன்புத் தோழியரே, அடுத்த விடுமுறையில் நீங்களும் இதை விளையாடிப் பாருங்கள். நாற்பத்தைந்து பிழையான விடைகளைத் தேடும்போதே பாதிப் பாடம் படித்து முடிந்துவிடும். பெற்றோரே, இப்படி ஒரு விளையாட்டின் நடுவில் பிள்ளைகளிடமிருந்து அழைப்பு வந்தால், விடையை மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.