மூங்கில் வில்லும் இரண்டு இலக்க எண்ணும்

வேட்டை போய்விட்டது, வில் போகவில்லை. மேகாலயத்தின் காஸி மக்கள் தங்கள் வில்லையும் அம்பையும் இன்றும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு சூதாட்டம்.

ஷில்லாங்கில் பிற்பகல் மூன்றரை மணியானால் போலோ மைதானப் பகுதியில் உள்ள ஒரு சிறு திடலில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். டாக்சி ஓட்டுநர்கள், காய்கறி விற்பவர்கள், அலுவலகத்திலிருந்து நழுவி வந்த குமாஸ்தாக்கள் என்று பலரும் இருப்பார்கள். திடலில் சுமார் 50 பேர் பிறை வடிவில் குந்தியிருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூங்கில் வில், அருகே ஒரு கட்டு அம்பு. எதிரே ஒரு கம்பத்தில் உருளை வடிவ வைக்கோல் பொதி. சைகை கிடைத்ததும் அம்புகள் பாய ஆரம்பிக்கும். சில நிமிடங்களில் பொதி முள்ளம்பன்றி போலாகிவிடும்.

பிறகு, தைத்த அம்புகளைப் பிடுங்கி எல்லோரும் பார்க்க எண்ணுவார்கள். 738 என்று கணக்கு வந்தால் அன்றைய எண் 38. கடைசி இரண்டு இலக்கங்களுக்குத்தான் மரியாதை. காலையிலேயே 38 மீது பணம் கட்டியவர் சிரிப்பார், 37 மீது கட்டியவர் வானத்தைப் பார்ப்பார். சற்று நேரத்தில் இரண்டாவது சுற்று. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் இதுதான் வழக்கம். இந்த ஆட்டத்துக்கு 'தீர்' என்று பெயர். தீர் என்றால் அம்பு. 1982-ல் மேகாலய அரசு இதைச் சட்டபூர்வமாக்கி வரி வசூலிக்கத் தொடங்கியது. முந்தைய இரவு கனவில் பாம்பு வந்ததா, மீன் வந்ததா என்று யோசித்து, அதற்குரிய எண்ணைக் கணக்கிட்டுச் சீட்டு வாங்குகிறவர்கள் ஏராளம்.

கூட்டத்தின் கண்கள் எண்ணின் மீதுதான். வில்லைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் இந்த மலைகளில் சூதாட்டச் சீட்டை விட வில்லுக்கு வயது மிக அதிகம்.

மூன்று அம்புகள்

பழைய மரபைக் கைவிடாத காஸி வீடுகளில் ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது பக்கத்தில் ஒரு வில்லும் மூன்று அம்புகளும் வைப்பார்கள். ஒன்று மண்ணுக்கு, ஒன்று குலத்துக்கு, ஒன்று தனக்கு என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. மண்ணுக்கான அம்பு வெறும் சடங்காக மட்டும் இருக்கவில்லை. நாங்க்ளாவ் பகுதியின் தலைவர் தீரத் சிங் 1829-ல் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவை பெரும்பாலும் வில், வாள், கேடயங்கள்தான். நான்கு ஆண்டுகள் மலைப்போர் நடந்தது. 1833-ல் பிடிபட்ட அவர் 1835-ல் டாக்காவில் சிறைக் கைதியாகவே இறந்தார்.

பி.ஆர்.டி. குர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907-ல் வெளியிட்ட 'தி காஸிஸ்' நூலில் இந்த வில்லைப் பற்றி விவரமாகவே எழுதியிருக்கிறார். காஸி மொழியில் வில்லுக்கு 'ரின்தியே' என்று பெயர். சுமார் ஐந்தடி உயரம், அதாவது ஏறக்குறைய ஆள் உயரம். வில் மட்டுமல்ல, நாணும் மூங்கில்தான். மூங்கிலைக் கீறி எடுத்த நாரே நாண். நடுத்தரமான வலு உள்ளவர் விட்டாலும் அம்பு 150 முதல் 180 கஜம் வரை போகும் என்கிறார். அம்பில் இரண்டு வகை: பின்னோக்கிய முள் உள்ள முனை வேட்டைக்கு, முள் இல்லாத முனை போட்டிக்கு. முனைகளை உள்ளூர்க் கொல்லர்களே அடித்தார்கள். அதில் வியப்பில்லை. காஸி மலைகளில் இரும்பு உருக்கும் தொழிலுக்குச் சுமார் 2,000 ஆண்டு வரலாறு உண்டு.

கைக்கு ஏற்ற வில்

வில் வாங்க வரும் இளைஞன் செய்யும் முதல் தவறு, இருப்பதிலேயே விறைப்பான வில்லை எடுப்பது. இழுத்துக் காட்டினால் வீரம்தான். ஆனால் தீர் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஒருவர் 30 அம்பு வரை விட வேண்டியிருக்கும், அதுவும் சில நிமிடங்களுக்குள். விறைப்பான வில் பத்தாவது அம்பிலேயே தோளை நடுங்க வைத்துவிடும். இலக்கு அதிக தூரத்தில் இல்லை. எனவே இங்கே தேவை வேகம் அல்ல, ஒரே சீராக இழுக்க முடிகிற வில். வேட்டை வில்லின் கணக்கு வேறு. ஒரே அம்பு, அது ஆழமாகப் பாய வேண்டும். அங்கே விறைப்புக்கு வேலை இருந்தது.

அடுத்தது மூங்கிலின் வயது. மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். இளம் மூங்கில் வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டும் காலமும் முக்கியம். மழை ஓய்ந்த குளிர்காலத்தில் மூங்கிலில் மாவுச்சத்து குறைவு. மழைக்காலத்தில் வெட்டியதைத் துளைப்பான் வண்டுகள் விடாது. வில்லைத் தட்டும்போது மெல்லிய தூள் உதிர்ந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிறகு நாண் ஏற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக இழுத்தால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் முழங்கை போல மடங்கினால் அந்த இடம்தான் நாளைக்கு முறியும். நாணின் வழியாக ஒரு கண்ணால் பார்த்தால் அது வில்லின் நடுக்கோட்டில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் மூங்கில் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூங்கிலின் பலம் அதன் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. அந்த நாரை வெட்டிக் குறுக்கே செதுக்கிய வில் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் ஆயுள் குறைவு.

அம்பே முக்கியம்

அனுபவம் உள்ளவர்கள் வில்லை விட அம்புக்கே அதிக நேரம் செலவிடுவார்கள். சுமாரான வில்லும் நல்ல அம்பும் இருந்தால் சமாளிக்கலாம், நல்ல வில்லும் கோணல் அம்பும் இருந்தால் முடியாது. நாணிலிருந்து கிளம்பும் அம்பு நேராகப் போவதில்லை. வில்லைச் சுற்றி மீன் போல நெளிந்து, பிறகுதான் நிமிர்கிறது. தண்டு வில்லுக்கு மீறிய விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும், துவண்டால் மறு பக்கம். எனவே ஒருவருக்குப் பொருந்திய அம்பு இன்னொருவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. 30 அம்பும் ஒரே எடை, ஒரே நீளம், ஒரே விறைப்பு என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறி மாறாமலே அம்பு மாறிப் போகும்.

தண்டு கோணலாக இருந்தால் தணலில் காட்டிச் சூடேற்றி, கையால் நிமிர்த்தி, ஆறும் வரை பிடிக்க வேண்டும். கரிந்துவிடக் கூடாது. இறகு விஷயத்தில் ஒரே விதி: ஓர் அம்புக்கு ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகள்தான். வலச் சிறகின் இறகும் இடச் சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. கலந்து கட்டினால் அம்பு குழம்பும்.

கழுகு, கொக்கு, நீர்க்காகம், இருவாய்ச்சி, வாத்து இனங்களின் இறகுகளை குர்டன் பட்டியலிட்டிருக்கிறார். இன்று அந்தப் பட்டியல் சோகமாகத் தெரிகிறது. 'டைக்ளோஃபெனாக்' மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சடலத்தைத் தின்று, பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இருவாய்ச்சியைச் சட்டம் பாதுகாக்கிறது. சிக்கல் இல்லாமல் கிடைப்பது வளர்ப்புப் பறவைகளின் இறகுதான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முள் முனை அம்புக்கும் நியாயமான வேலை எதுவும் இல்லை.

ஈரம் என்ற எதிரி

உலகிலேயே அதிக மழை பெய்யும் மாசின்ராம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கும் மேல். மூங்கில் ஈரம் குடித்தால் விறைப்பை இழக்கும், பூஞ்சை பிடிக்கும், நாண் தளரும். பழைய காஸி வீட்டில் இதற்கு மருந்து நடுவீட்டு அடுப்பு. அதற்கு மேல் உள்ள பரணில் புகையும் இளஞ்சூடும் படும்படி வைத்த பொருளுக்குப் பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது. இப்போது அடுப்பின் இடத்துக்கு எரிவாயு வந்துவிட்டது. எனவே வில்லைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் படுக்கையாக வைக்க வேண்டியிருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் கோணும்.

மற்ற விதிகள் எளியவை. ஆட்டம் முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பு வாங்க வேண்டிய உதையை வில்லே வாங்கி விரிந்துவிடும். நார் பிரிய ஆரம்பித்த நாணை மாற்றிவிட வேண்டும். முனையில் எண்ணெய் தடவினால் துரு ஏறாது. நனைந்து படிந்த இறகை ஆவியில் காட்டினால் மறுபடி விரியும்.

யாருக்காக?

இத்தனை கவனமும் யாருக்காக என்பதுதான் சங்கடமான கேள்வி. தீர் சீட்டில் முதல் சுற்று எண் சரியாக வந்தால் ரூபாய்க்குச் சுமார் 80 ரூபாய் கிடைக்கும். ஆனால் எண்கள் 100. கட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் சராசரியாக 20 பைசா திரும்பி வருவதில்லை. தினக்கூலியில் பாதியைச் சீட்டில் விடுகிறவர்களின் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பாக இருக்கும். தீர் நின்றால் நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தீர் நின்றால் வில் யாருக்குத் தேவை? ராஜஸ்தானின் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1992-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் 30 மீட்டரில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அதைப் பார்த்து மலைக் கிராமத்துப் பையன்களுக்கும் ஆசை வரலாம். ஆனால் ஒலிம்பிக் வில்லின் விலை அவர்கள் குடும்பத்துக்கு எட்டாதது. ஊர்களுக்கு இடையே நடக்கும் பந்தயங்களை விட்டால், மூங்கில் வில்லுக்கு நாள்தோறும் வேலை கொடுப்பது தீர் மட்டுமே. வில் செய்பவருக்கும் அம்பு நிமிர்த்துபவருக்கும் சோறு அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது எண் அறிவிக்கப்பட்டதும் திடல் காலியாகிவிடும். வில்லாளிகள் மட்டும் உடனே கிளம்புவதில்லை. திரும்பி வந்த அம்புகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்க்கிறார்கள். 'சிர்' என்ற சத்தம் கேட்டால் தண்டில் விரிசல் என்று பொருள். அது மீண்டும் நாணில் ஏறினால் உடைந்து கையில் பாயும். அதை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். மறுநாள் பிற்பகலுக்குள் முப்பதும் சரியாக இருக்க வேண்டும்.