கல்கி விட்ட இடத்தில் ஒரு குமாஸ்தா

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர் ஒரு கதையைப் பாதிவரை வாசிப்பார். கதாநாயகன் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை மூடிவிடுவார். கரும்பலகையில் எழுதுவார்: "இமாஜினே லா சுயித்." மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து எழுது என்று அர்த்தம். நாங்கள் முப்பது பையன்கள், முப்பது விதமாக அவனைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருவோம். ஒரு பையன் மட்டும் கயிற்றை அறுத்துவிடுவான். அவனுக்குத்தான் எப்போதும் அதிக மதிப்பெண்.

இந்த வேலைக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறதாம். போன தீபாவளிக்கு வந்த பேரன் சொன்னான்: "தாத்தா, நீங்க எழுதி வச்சிருக்கீங்களே, இதுக்குப் பேர் ஃபேன்ஃபிக்‌ஷன். ஹாரி பாட்டருக்கு லட்சக்கணக்குல இருக்கு." நான் எழுதியது ஹாரி பாட்டருக்கு அல்ல. பொன்னியின் செல்வனுக்கு.

கதை என் அக்காவிடமிருந்து தொடங்குகிறது. எனக்குப் பத்து வயது மூத்தவள். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கியில் தொடராக வந்தது. அப்பா வாங்கிய இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தது அக்காதான். நான் பள்ளியில் டுமாவின் மூன்று துப்பாக்கி வீரர்களைப் படித்துக்கொண்டு, தமிழில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த பையன். ராத்திரிகளில் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை மட்டும் கரையான் தின்றுவிட்டிருந்தது. "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றேன். அவள் ஒரு நொடிகூடத் தயங்காமல் மீதியைச் சொன்னாள். மணிமேகலை குணமாகி எழுந்து, வந்தியத்தேவன் தோணியில் ஏறுவதைக் கரையிலிருந்து பார்த்துக் கையசைத்தாள் என்று.

இருபத்திநாலு வயதில், வேலையில் சேர்ந்த பிறகு, நூலகத்தில் எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. கல்கியின் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். நேரே குடவாசலுக்கு பஸ் ஏறினேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். "ஏன் பொய் சொன்னே?" என்று சண்டை போட்டேன். "நீ அழுதா யாரு சமாதானம் பண்றது? காலையில பள்ளிக்கூடம் போகணும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். நான் அறிந்த முதல் ஃபேன்ஃபிக்‌ஷன் எழுத்தாளர் அவள்தான்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் குடவாசலுக்கே வந்துவிட்டேன். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இது சங்க காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். குடவாயில் கீரத்தனார் என்று புலவர் இருந்திருக்கிறார். சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சோழன் சிறைவைத்தது குடவாயிற் கோட்டத்தில் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. 2020 ஊரடங்கில் வெளியே போக வழியில்லை. எழுபது வயதில், அறுபது வருஷத்துக்கு முந்தைய வீட்டுப்பாடத்தை மறுபடி எடுத்தேன். இமாஜினே லா சுயித்.

அடுத்தவர் பாத்திரத்தை எடுத்து எழுதலாமா என்ற கூச்சம் முதலில் இருந்தது. கொஞ்சம் யோசித்ததும் போய்விட்டது. இங்கிருந்து எட்டும் தூரத்தில் தேரழுந்தூர். அங்கே பிறந்த கம்பர் வால்மீகியின் ஆட்களைத்தானே எடுத்துக்கொண்டார்? பாரதி புதுச்சேரியில் இருந்தபோது 1912-ல் வெளியிட்ட பாஞ்சாலி சபதம் வியாசரின் ஆட்களைக்கொண்டு எழுதியது. புதுமைப்பித்தன் சாப விமோசனத்தில் அகலிகையை மீண்டும் அழைத்துவந்து, சீதை தீக்குளித்த சேதியைக் கேட்கவைத்து, மறுபடி கல்லாக்கிவிட்டார். கயிற்றை அறுத்த பையன்!

பிரெஞ்சுக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. டுமா 1844-ல் கொண்டுவந்த தார்த்தாஞன் அவர் சொந்தப் படைப்பே அல்ல. 1700-ல் கூர்த்தில் என்பவர் எழுதிய போலி நினைவுக்குறிப்பிலிருந்து எடுத்தது. எட்கர் ஆலன் போ அந்தரத்தில் விட்ட ஒரு கடற்பயணக் கதைக்கு, ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து 1897-ல் ழூல் வெர்ன் தொடர்ச்சி எழுதினார். மொரீஸ் லெப்ளான் 1906-ல் தன் திருடன் ஆர்சேன் லுப்பேனுக்கு எதிரே ஷெர்லாக் ஹோம்ஸை நிறுத்தினார். கோனன் டாயில் ஆட்சேபித்தார். உடனே முதல் எழுத்துகளை இடம் மாற்றி 'ஹெர்லாக் ஷோல்மெஸ்' என்று ஆக்கிவிட்டார்! ஆபீசில் ஒரு தணிக்கை ஆட்சேபணைக்கு இவ்வளவு சுலபமாக யாரும் பதில் எழுதி நான் பார்த்ததில்லை.

பொன்னியின் செல்வனுக்கே தொடர்ச்சி உண்டு. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதில் வந்தியத்தேவர் முதியவராக வருகிறார். சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல் அது. கல்கியின் எழுத்துகளோ நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆக, சட்டமும் தடுக்கவில்லை.

வந்தியத்தேவனை எழுத எனக்குத் தைரியம் இல்லை. குதிரை ஏறத் தெரியாதவன் குதிரை வீரனை எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்தது ஃபைல். எனவே சோழ அரண்மனையில் ஒரு குமாஸ்தாவைத் தேடினேன். கிடைத்தார்! 'திருமந்திர ஓலை' என்பது பதவியின் பெயர். அரசர் வாயால் சொல்வதை ஓலையில் எழுதுபவர். அவருக்கு மேலே 'திருமந்திர ஓலை நாயகம்'. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு இருக்கிறதே, லெய்டன் செப்பேடு என்பார்கள், அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசர் சொன்னார், ஒருவர் எழுதினார், மேலவர் ஒப்பினார், வரிக் கணக்கில் ஏற்றினார்கள், இன்னார் இன்னார் உடனிருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஃபைல் நகர்வு! முப்பத்தைந்து வருஷம் நான் செய்த வேலை.

இந்த எழுத்தில் கிடைக்கும் சந்தோஷம் இதுதான். காலி வீட்டில் குடிபோக வேண்டாம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாம் கொல்லைப்புறமாக நுழைந்து ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும். என் குமாஸ்தா ஓலை நறுக்கிக்கொண்டிருக்கும்போது அநிருத்தப் பிரம்மராயர் தாண்டிப் போகிறார். அவரை நான் வர்ணிக்க வேண்டியதே இல்லை. வாசிப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கஷ்டமும் அதே வீட்டில்தான். முதல் அத்தியாயத்தில் என் குமாஸ்தா பழைய சோற்றுக்கு மிளகாய் கடித்தார். டீக்கடை நண்பர், ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார், தலையில் அடித்துக்கொண்டார். மிளகாய் போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது. ராஜராஜன் காலத்தில் உறைப்புக்கு மிளகுதான். சரி என்று திருத்தினேன். "ஜன்னலைத் திறந்து" என்று எழுதியிருந்தேன். ஜன்னலும் போர்த்துகீசியச் சொல், மேசையும் அப்படியே, சாவியும் அப்படியே. சாளரம், திறவுகோல் என்று மாற்றிக்கொண்டே வந்ததில் என் குமாஸ்தாவின் வீட்டில் பாதிச் சாமான்கள் காணாமல் போயின. அதைவிடப் பெரிய சங்கடம் கல்கியின் குரல். நாலு வரி எழுதினால் ஐந்தாவது வரியில் நானே வாசகர்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிடுவேன். அது அவருக்கு அழகு. எனக்கு இரவல் சட்டை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாவல் தொடங்குவது ஆடிப் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக் கரையில். அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் காட்டுமன்னார்கோயில், அன்றைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானவர்களைக் குறிப்பிட்டு, அவர்கள் நிலங்களை என்ன செய்வது என்று சபைக்கு அரசர் அனுப்பிய ஆணையைச் சொல்வது. அவர்கள் நிலங்கள் மட்டும் அல்ல. உடன்பிறந்தார், மக்கள், மாமன்மார், பெண் எடுத்தவர்கள் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. கொலை செய்தவன் யாரோ, நிலம் இழந்தவர்கள் எத்தனை பேரோ. அந்த ஆணையை ஒருவர் கையால் எழுதியிருக்க வேண்டுமே! அவர்தான் என் குமாஸ்தா.

நான் எழுதிய முடிவில், அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் குடும்பத்தை அவர் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். எழுத்தாணி அந்த இடத்தில் தாண்டிப் போகிறது. அந்தப் பெண்ணின் கால்வேலி நிலம் தப்பிக்கிறது. எழுதி முடித்து எனக்கே கண் கலங்கியது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது எண்பது. கண் புரை ஆபரேஷன் ஆகி, வாசிக்க முடியாது. இப்போது நான் வாசிக்க, அவள் கேட்டாள்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஏண்டா தம்பி, ஆபீஸ்ல நீ இப்படி யாரையாவது விட்டிருக்கியா?"

எண்பதுகளில் நடந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய ஃபைல் என் மேசைக்கு வந்தது. கணவர் பெயர் பிறப்புப் பதிவில் பிரெஞ்சு முறையில் எழுதியிருந்தது. பணிப் பதிவேட்டில் ஆங்கில முறையில். 'உ' என்ற ஒலிக்கு பிரெஞ்சில் இரண்டு எழுத்து போடுவார்கள், ஆங்கிலத்தில் ஒன்று போதும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பிரிவில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன். இரண்டும் ஒரே பெயர் என்பது எனக்கு எழுத்துக்கூட்டாமலே தெரியும். அதை ஒரு வரி குறிப்பாக எழுதியிருந்தால் போதும். ஆனால் மேலே இருந்தவர் கறாரானவர். நான் சான்று சொன்னால் நாளைக்கு என் தலையில் விழும் என்று பயந்தேன். "பெயரில் வேறுபாடு காணப்படுகிறது. உரிய சான்றுடன் மீள அனுப்பக் கோரலாம்" என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்று எனக்குப் பெயர் உண்டு.

அந்த அம்மாள் பதினோரு மாதம் நடந்தார். மஞ்சள் பையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். பணம் கடைசியில் வந்தது. ஆனால் அந்தப் பதினோரு மாதத்தில் பெரிய பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான் என்று பியூன் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். நான் "அப்படியா" என்றேன்.

நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப இந்த முடிவு உனக்காக எழுதினது" என்றாள். "அந்தப் பொம்பளைக்காக எழுது."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "நீ மட்டும் மணிமேகலையைப் பிழைக்க வைக்கலையா?" என்றேன். "அது பத்து வயசுப் பையன் தூங்கறதுக்கு. உனக்கு என்ன வயசு?" என்றாள்.

திரும்ப எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. இப்போது என் குமாஸ்தா எல்லாப் பெயரையும் எழுதுகிறார். ஒரு எழுத்துகூடப் பிசகாமல், அழகான கையெழுத்தில். நாயகம் பார்த்துத் தலையசைக்கிறார். குமாஸ்தா வீட்டுக்குப் போகிறார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். மறுநாள் சபை வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். அவரைக் கண்டதும் எழுந்து நிற்கும் ஒருத்தி. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அந்த ஒன்றை மட்டும் நான் மாற்றினேன். நான் அன்றைக்கு நிமிரவில்லை.

கதை இருபத்திரண்டு பக்கம். அச்சுக்கு அனுப்பவில்லை, அனுப்பும் தரமும் அதற்கு இல்லை. பேரன் படித்துவிட்டு, "சண்டையே இல்லையே தாத்தா" என்றான். வாத்தியார் நண்பர் இன்னும் இரண்டு போர்த்துகீசியச் சொற்களைக் கண்டுபிடித்துத் தந்தார். அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்றாள். சொன்னேன். சோழர் காலத்துப் பெயர் மாதிரி இல்லையே என்றாள்.

இல்லைதான். அதை மட்டும் நான் திருத்தவில்லை.