விருப்பக்குறியும் சட்டமும்

2012ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சிவசேனைக் கட்சியின் தலைவர் பால் தாக்கரே மறைந்தார். மறுநாள் மும்பை மாநகரம் கடையடைத்துக் கிடந்தது. அன்றைய தாணே மாவட்டத்தைச் சேர்ந்த பால்கர் என்னும் ஊரில், இளம்பெண் ஒருவர் அக்கடையடைப்பைக் கேள்விக்கு உட்படுத்திச் சில வரிகளைத் தம் முகநூல் பக்கத்தில் எழுதினார். அவருடைய தோழி அப்பதிவுக்கு விருப்பக்குறி இட்டார். காவல்துறை இருவரையும் கைது செய்தது. எழுதியவரின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனையை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. இரங்கல் நாளில் இப்படி எழுதலாமா என்று கேட்போர் உண்டு. அது பண்பு பற்றிய கேள்வி. கைது செய்யலாமா என்பது சட்டம் பற்றிய கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்த சட்டப்பிரிவு ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது.

அப்பிரிவு பிறந்த காலத்தை அறியச் சமூக ஊடகத்தின் வயதையும் அறிய வேண்டும். அது மிக இளையது. 1997இல் அமெரிக்காவில் தோன்றிய ‘சிக்ஸ் டிகிரீஸ்’ என்னும் தளம், அறிந்தோரைப் பட்டியலிட்டு அவர்களை அறிந்தோரையும் காட்டியது. இணைய இணைப்புள்ள வீடுகள் அன்று குறைவாக இருந்தமையால் அது நிலைக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆர்குட்டும் முகநூலும் அடுத்தடுத்து வந்தன. இந்திய இளைஞர் பலருக்கு முதல் இணையத் திண்ணையாக விளங்கிய ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று தொடங்கிய முகநூல் 2006இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் ட்விட்டர் வந்தது. ஊர்த் திண்ணையில் உதிர்த்த சொல் அன்று மாலையே காற்றோடு கலந்துவிடும். இந்தப் புதிய திண்ணையில் உதிர்த்த சொல்லோ நாள், நேரம், பெயர் ஆகியவற்றோடு அப்படியே கிடக்கும். வேண்டுவோர் எடுத்துக் காவல்நிலையத்தில் நீட்டலாம்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்காக எழுதப்பட்டதன்று. மின்வணிகத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு வழங்குவதே அதன் முதன்மை நோக்கம். 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தியபோதுதான் 66ஏ என்னும் பிரிவு நுழைந்தது. அத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் 2009 பிப்ரவரி 5 அன்று ஒப்புதல் வழங்கினார். முகநூல் தன் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியது பிப்ரவரி 9 அன்று. பிற்காலத்தில் ஓர் இளம்பெண்ணைக் காவல்நிலையம் வரை கொண்டு சென்ற அக்குறி, சட்டத்தை இயற்றியவர்களின் கண்ணில் பட்டதே இல்லை.

மிகவும் புண்படுத்தும் செய்தி, அச்சுறுத்தும் தன்மையுடைய செய்தி, எரிச்சலோ இடைஞ்சலோ உண்டாக்கும் நோக்கில் பொய்யென்று அறிந்தே அனுப்பும் செய்தி ஆகியவற்றைக் கணினி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறையும் தண்டத்தொகையும் என்றது 66ஏ. புண்படுத்துதல் எது, எரிச்சல் எவ்வளவு என்பதற்குச் சட்டம் விளக்கம் தரவில்லை. இச்சொற்களின் வேரைத் தேடினால் 1935ஆம் ஆண்டின் பிரித்தானிய அஞ்சல்துறைச் சட்டத்திருத்தத்துக்குப் போய்ச் சேரலாம். தொலைபேசியில் அழைத்து இழிமொழி பேசுவோரை அடக்க எழுந்தது அது. தொலைபேசிப் பேச்சு ஒருவர் செவியைக் குறிவைத்தது. முகநூல் பதிவோ சந்தையில் நின்று பேசுவது. ஒருவருக்காகத் தைத்த சட்டையைச் சந்தை முழுமைக்கும் அணிவித்தால் எங்கேனும் கிழியத்தானே செய்யும்!

கிழிந்தது. 2012 ஏப்ரலில் கேலிச்சித்திரம் ஒன்றைப் பகிர்ந்ததற்காகக் கொல்கத்தாப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அக்டோபரில் ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த தொழில்முனைவோர் ஒருவர் கைதானார். அடுத்த மாதம் பால்கர் நிகழ்வு. அதைக் கேட்டுக் கொதித்த தில்லி மாணவி ஷ்ரேயா சிங்கல், 66ஏ பிரிவு அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு வழங்கும் பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

பிரிவு தவறாகப் பயன்படாமல் பார்த்துக்கொள்வதாக அரசுத் தரப்பு உறுதி கூறியது. நீதிபதிகள் ஜே. செலமேஸ்வரும் ரோகிண்டன் நரிமனும் அதை ஏற்கவில்லை. ஓர் அரசு தரும் உறுதி அடுத்த அரசைக் கட்டுப்படுத்தாது; சட்டமோ புத்தகத்தில் நிற்கும். இங்கிலாந்து வழக்குகளையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பனியால் விமான நிலையம் மூடப்பட, பயணம் கெட்டுவிடுமோ என்னும் சலிப்பில் அதைத் தகர்த்துவிடுவேன் என ஒருவர் ட்விட்டரில் வேடிக்கையாக எழுதினார். 2010இல் அவரைக் குற்றவாளி என்றனர் சில நீதிபதிகள். 2012இல் குற்றமற்றவர் என்றனர் வேறு சிலர். கற்றறிந்த நீதிபதிகளே ஒரே சொல்லை இரண்டு விதமாக எடைபோடும்போது, பதிவிடும் குடிமகன் தன் எல்லையை எப்படி அறிவான்?

2015 மார்ச் 24 அன்று 66ஏ முழுமையாக நீக்கப்பட்டது. கருத்தை விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், வன்செயலுக்குத் தூண்டுதல் என்று மூன்று படிகளைப் பிரித்த தீர்ப்பு, மூன்றாம் படியில்தான் சட்டம் கைவைக்கலாம் என்றது. முதல் இரண்டும் எவ்வளவு வெறுப்பூட்டினும் குற்றமாகா. இத்தீர்ப்பால் சமூக ஊடகம் சட்டமற்ற காடாகிவிடவில்லை. அவதூறும் மிரட்டலும் இன்றும் குற்றங்களே. ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி எடுத்தாலோ பரப்பினாலோ அதே சட்டத்தின் 66ஈ பிரிவு பாயும். குறிப்பிட்ட காரணங்களுக்காக இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவையும் நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

ஆயினும் நீக்கப்பட்ட பிரிவு காவல்நிலையங்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. அதன்கீழ்ப் புதிய வழக்குகள் தொடர்ந்து பதிவாயின. இச்செய்தி 2021 ஜூலையில் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தீர்ப்பை எழுதிய நரிமனே அமர்வில் இருந்து, இது அதிர்ச்சியளிக்கிறது என்றார். காரணம் வியப்பானது. அச்சான சட்டநூல்களில் பிரிவு முழுமையாக அப்படியே இருந்தது. அது செல்லாது என்னும் செய்தியோ பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடந்தது. வழக்கு எழுதும் அவசரத்தில் அடிக்குறிப்பை யார் படிப்பார்? 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரக்கூடாது என மீண்டும் ஆணையிட்டது. அரசு நூலாயினும் தனியார் நூலாயினும், அப்பிரிவை அச்சிடும் இடத்தில் அது அரசமைப்புக்கு முரணானதென நீக்கப்பட்டதை வாசகர் அறியுமாறு தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்வாணையில் சேர்த்தது.