பதினோரு வீட்டு அரிசி

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டு அலமாரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையான பின், பெட்டியடியில் உறங்கிக் கிடந்த வங்கி அட்டைகளெல்லாம் வெளியே வந்தன. அவற்றின் இரகசிய எண்ணை மறந்துவிடுவோமோ என்று அஞ்சியோர், மைய அரசு எழுத்தர் வீடாயிற்றே என எங்களிடம் குறித்து வைக்கச் சொன்னார்கள். மொத்தம் பதினோரு வீடுகள். அந்த நம்பிக்கையால் எங்களுக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு.

மறு ஆண்டு டிசம்பர் 16 முதல் 20 வரை பவாய் ஐ.ஐ.டி.யில் தகவல் அமைப்புகளின் பாதுகாப்பு குறித்த பன்னாட்டு ஆய்வு மாநாடு நிகழ்ந்தது. 2005இல் கொல்கத்தாவில் தொடங்கிய வரிசையில் அது பதின்மூன்றாவது. கணிப்பொறியியல் பயிலும் மகளும் அவளுக்குத் துணையாகத் தந்தையுமாகச் சனிக்கிழமை சயானில் மின்ரயில் ஏறிக் காஞ்சூர்மார்க்கில் இறங்கிச் சென்றோம். உரைகளில் மகளுக்குப் பாதி விளங்கிற்று. தந்தைக்கு அதுவும் இல்லை. தேநீர் இடைவேளையில் ஓர் இளம் ஆய்வாளர் பொறுமையுடன் விளக்கிய ஒன்று மட்டும் நெஞ்சில் தங்கியது.

செவ்வனே அமைந்த கணிப்பொறி நம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லையாம். கணக்கு முறையில் அதை அரைத்து, அரைத்த மாவை மட்டுமே வைத்துக்கொள்ளும். மறுமுறை நாம் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, மாவோடு மாவை ஒப்பிடும். மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாதன்றோ? இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறுபடும்படி உப்பும் சேர்ப்பார்களாம். உப்பு அவர்கள் துறைச்சொல்லே, மாவு எங்களுடையது. விடியலில் இட்லிக் கொப்பரைகள் ஆவி பறக்கும் தெருவில் வாழ்வோர்க்கு வேறென்ன உவமை தோன்றும்?

இயந்திரமே வைத்துக்கொள்ள அஞ்சும் அரிசியைப் பதினோரு வீட்டிலும் வாங்கிப் பூட்டில்லாத அலமாரியில் வைத்திருந்தோம். திரும்பும் வண்டியில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

அவ்வாரமே எண்களை உரியவரிடம் சொல்லிவிட்டு நோட்டைக் கொளுத்தினோம். ஒரு வீட்டார், 'எங்கள்மேல் என்ன வருத்தம்?' என்று முகம் திருப்பிக்கொண்டனர். இட்லி விற்கும் அக்காள்தான் மிகவும் கலங்கினார்.

"கொளுத்திப்புட்டா எனக்கு யாரு தம்பி ஞாபகப்படுத்துவா? ஒங்கள நம்பாம வேற யார நம்ப?"

அவரை ஏ.டி.எம்.முக்கு அழைத்துச் சென்று, அவரே தெரிந்தெடுத்த புதிய எண்ணை மாற்றிவைக்க உதவினோம். எண் இன்னதென்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் பணம் எடுக்கையில் இருமுறை தவறிவிட்டது. மூன்றாம் முறையும் தவறினால் அட்டை முடங்கிவிடும். அக்காள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். நெடுநேரம் கழித்து, இயந்திரம் பணத்தை எண்ணும் ஓசை கேட்டது.