காடாம்புலியூர் வீட்டுச் சுவர்கள்

மே 11, 2025, ஞாயிறு

ஊரில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடி வீடாகின்றன. சுவரில் தொங்கிய படங்கள் பரணுக்குப் போகின்றன, அங்கிருந்து கரையானுக்கு. அதற்கு முன்னால் அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் கேமராவோடு தெருத்தெருவாகப் போகிறேன்.

இன்று மனம் நின்றது ஒரு வளைகாப்புப் படத்தில். பூ தைத்த சடையோடு ஒரு பெண். பின்னால் கண்ணாடி, அதில் சடை நுனிவரை தெரிகிறது. அந்தப் பெண் இப்போது பாட்டி. "பூ வாடறதுக்குள்ள பண்ருட்டி ஸ்டுடியோவுக்குப் போவணும்னு அம்மா அவசரப்படுத்துனாங்க. வண்டி கட்டிக்கினு போனோம்" என்றார். இப்படிப் பின்னால் கண்ணாடி வைத்து எடுப்பது தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பரவலான வழக்கமாக இருந்தது. முகமும் விழ வேண்டும், அம்மா மெனக்கெட்டுத் தைத்த பூவும் விழ வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடியை நிறுத்தி வழி கண்டவர் யாரோ, அவரைப் பெரிய ஓவியர்களோடு வைத்துத்தான் பேச வேண்டும். உட்காருபவரின் ஆசையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் ஷட்டரைத் தொட்டிருக்கிறார்.

மே 13, செவ்வாய்

இரவு எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளைப் புரட்டினேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மூக்கையும் மண்டையையும் அளந்தவரின் புத்தகத்தில் எத்தனையோ முகங்கள். படத்துக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.

இதே கதை ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஜே. டபிள்யூ. லிண்ட் என்ற புகைப்படக்காரர் 1870களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸின் கிராஃப்டன் ஊரில், கிளாரன்ஸ் ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களைத் தன் ஸ்டுடியோவில் வரைந்த திரைக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தார். காட்டுச் செடிகளையும் ஆயுதங்களையும் சுற்றி அடுக்கினார். படங்கள் நன்றாக விற்றன; அவற்றில் இருந்தவர்களின் பெயர்கள் கூடவே போகவில்லை. வெகு காலம் கழித்துத்தான் சிலருடைய பெயர்கள் தேடிக் கண்டறியப்பட்டன. அங்கே உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசு 1921 முதல் வழங்கப்படுகிறது. பூர்வகுடி ஓவியர் ஒருவர் அதை வென்றது 2020இல்தான். வின்சென்ட் நமட்ஜிரா, ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஆடம் கூட்ஸோடு தன்னையும் வரைந்த ஓவியம் அது. தன் முகத்தைத் தானே வரைந்து, தன் மக்களில் ஒருவரைப் பெயரோடு பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல்.

லிண்டிடமும் வரைந்த திரைதான், பண்ருட்டி ஸ்டுடியோவிலும் வரைந்த திரைதான். ஆனால் வளைகாப்புப் பாட்டி தானே விரும்பிப் போய், காசு கொடுத்து உட்கார்ந்தார். அந்தப் படம் அவருடையது.

மே 16, வெள்ளி

2011 டிசம்பர் 30இல் தானே புயல் பலா, முந்திரி மரங்களோடு படங்களையும் கெடுத்துப் போட்டிருக்கிறது. நனைந்து காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிரிக்கப் பார்த்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுத்தேன்.

மாலை போட்ட படங்கள் என்றால் வீட்டாரைக் கேட்டுக்கொண்டுதான் தொடுகிறேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடம் இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்க காலத்தில் தவிர்க்கும் வழக்கம் உண்டு. அதனால் அங்கே தொலைக்காட்சியும் அருங்காட்சியகங்களும் முன்கூட்டியே எச்சரிக்கை போடுகின்றன. நம் வீடுகளில் இறந்த பிறகுதான் படத்துக்குச் சந்தனம், குங்குமம், சின்ன பல்பு எல்லாம். உயிரோடு இருந்தவரை ஒரு படமும் எடுக்காதவருக்கு, வாக்காளர் அட்டையிலிருந்து முகத்தைப் பெரிதாக்கி, வெள்ளைச் சட்டை போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டையை அவர் ஒருநாளும் போட்டிருக்க மாட்டார். இருந்தும் அவருடைய மகள் அந்தப் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறார்.

மே 18, ஞாயிறு

முந்திரி உடைக்கும் அக்கா ஒருவர், "செத்தப்புறம் எதுக்கு, இப்பவே எடு தம்பி" என்றார். கொட்டை எண்ணெயால் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கையும் தெரியட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவர் நின்றபடியே எடுத்தேன். பெயர், பிறந்த ஊர், நாள் மூன்றையும் அவரே சொல்ல, பின்பக்கம் எழுதிக் கொடுப்பதாக முடிவு.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. அவர்கள் எல்லா ஊருக்கும் வர முடியாது. மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றின் நெகட்டிவ் பெட்டிகள் பண்ருட்டியில் இன்னும் இருக்கின்றன என்று கேள்வி. பழைய பில் புத்தகமும் கூட இருந்தால் பெயர்கள் கிடைக்கும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.