கவசமும் தாயமும்

பொங்கலுக்கு வந்திருந்த தம்பி மகன் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். பலகை கிடையாது. தாள், பென்சில், இருபது முகமுள்ள ஒரு பகடை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் அதற்குள் நுழைகிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அவன் ஆடியது அந்தப் பழைய விதிகளின்படி.

எனக்கு உறுத்திய விஷயம் கவசம். அது அடியின் காயத்தைக் குறைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே அது அடி விழும் வாய்ப்பை மட்டுமே குறைக்கிறது. கவசமில்லாதவனுக்கு எண் 9. இரும்புத் தகடும் கேடயமும் உள்ளவனுக்கு 2. (எண் குறையக் குறையக் காப்பு கூடும். இந்தத் தலைகீழ்க் கணக்கு புரிய எனக்கு ஒரு மாலை போயிற்று.) புதிய வீரன் ஒருவன் முதலாமவனை அடிக்கப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், இரண்டாமவனுக்கு 17. 20க்கு 11 வாய்ப்பு, 20க்கு 4 வாய்ப்பு. பட்டுவிட்டால் இருவருக்கும் ஒரே காயம்தான்.

"அப்ப இரும்பு எதுக்குடா?"

"படாம இருக்கத்தானுங்க பெரியப்பா."

எங்கள் திண்ணையில் அம்மா ஆடுகிற தாயத்திலும் இதுதான் இருக்கிறது. பித்தளைக் கட்டைகள் இரண்டு. பக்கங்களில் 1, 2, 3, ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமையானால் 12. பெருக்கல் குறி போட்ட கட்டத்தை எங்கள் வீட்டில் மலை என்போம். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. வெட்டவெளியில் நிற்கும் காய்க்குத் தூரம்தான் கவசம். துரத்தி வருகிற காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நின்றால், ஒரு வீச்சில் வெட்டுப்பட 16க்கு 4 வாய்ப்பு. ஆறு கட்டம் முன்னால் நின்றால் 16க்கு 1. அம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் மூன்றில் நிறுத்த மாட்டாள்.

தம்பி நாமக்கல்லில் லாரி ஓட்டியவன். அவன் வண்டி எடுக்கிற நாளெல்லாம் அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்வாள். தேவராய சுவாமிகள் அதில் உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காவல் கேட்கிறார். (ஆர்னெசனும் 1975இல் 'பிளாக்மூர்' என்ற துணைநூலில், அடி எந்த உறுப்பில் விழுகிறது என்று பார்க்க ஒரு முறை வைத்தார்.) தொப்பூர்க் கணவாயில் ஓர் இரவு, நின்றிருந்த வண்டியில் மோதித் தம்பி வலது காலை இழந்தான்.

அம்மா அத்தோடு நிறுத்திவிட்டாள். "காலு வர்ற எடத்துல மனசு எங்கியோ போயிருச்சாட்ட இருக்குது" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

கவசம் 17 என்றுதான் சொல்கிறது, படவே படாது என்று எந்த விதியிலும் இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். மந்திரம் பகடையை நகர்த்தும் என்று நான் நம்பியதில்லை. அதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால், வீட்டில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் அவன் கண் அயராமல் ஓட்டிய ராத்திரிகள் இருந்திருக்கும். அது ஓர் எண்ணையாவது நகர்த்தியிருக்கும். விபத்து நடக்காத ராத்திரிக்கு யார் சாட்சி? சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை அம்மா அந்த இருபது முகப் பகடையை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தாள். "இதுல தாயம் எதுடா?"

பேரன் ஒன்றைக் காட்டினான். "எதிராளிக்கு இது உளுந்தா, நம்ம மேல அடி படாதுங்காத்தா."

திண்ணையில் உருட்டினாள். எட்டு. எடுத்து மறுபடி உருட்டினாள்.